டிசிடி வாங்கலாமா? வேலூர் சாலைகளுக்கு எந்த ஆட்டோமேட்டிக்

கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் பெட்ரோலா டீசலா என்பார்கள். இப்போது, "ஆட்டோமேட்டிக் எடுத்துடலாம்னு இருக்கோம், டிசிடி நல்லா இருக்குமா?" என்கிறார்கள். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குச் சாயங்காலம் ஒரு தடவை ஓட்டிப் போனால் போதும், ஆட்டோமேட்டிக் ஆசை ஏன் வருகிறது என்று இடது முழங்காலே சொல்லிவிடும்.

சிக்கல் என்னவென்றால், கிளட்ச் பெடல் இல்லாத கார் எல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி (மோட்டார் கியர் போடும் மேனுவல் பெட்டி), சிவிடி (கியரே இல்லாத பெல்ட் பெட்டி), டார்க் கன்வர்ட்டர் (எண்ணெய் வழியாக இழுக்கும் பெட்டி), டிசிடி (இரட்டைக் கிளட்ச் பெட்டி) என்று நான்கு வகை ஓடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் பொறியியலும் வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு, செலவும் வேறு. ஹூண்டாய் க்ரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1.5 பெட்ரோலில் ஆட்டோமேட்டிக் கேட்டால் சிவிடி தருவார்கள் (கம்பெனி அதை ஐவிடி என்கிறது). டீசலில் கேட்டால் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். டர்போ பெட்ரோலில் கேட்டால் ஏழு கியர் டிசிடி. ஒரே கார், ஒரே ஷோரூம், மூன்று வேறு கியர் பெட்டிகள். கியா செல்டோஸிலும் இதே கதைதான். ஷோரூம் பையன் "எல்லாமே ஆட்டோமேட்டிக்தான் சார்" என்று முடித்துவிடுவான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வேலூர் ஊருக்குள் என்றால் டார்க் கன்வர்ட்டர். பெரும்பங்கு நாற்கரச் சாலை என்றால் டிசிடியை யோசிக்கலாம், வாரன்டி உயிரோடு இருக்கும் வரைக்கும். மற்ற இரண்டும் பட்ஜெட்டையும் ஓட்டும் குணத்தையும் பொறுத்தது. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளமான பேச்சு.

இரண்டு கிளட்ச், ஒரு பெட்டி

டிசிடி என்பது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொரு கிளட்சில். நீங்கள் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் மூன்றாவதைப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். மாற்றும் நேரம் வந்ததும் ஒரு கிளட்ச் விடும், மறுகிளட்ச் பிடிக்கும். நடுவில் இழுவை அறுந்துபோவதில்லை. கண் சிமிட்டுவதற்குள் கியர் மாறிவிடும்.

இந்த யோசனை பழையது. 1930களிலேயே அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைச் சிந்தித்திருக்கிறார். 1980களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. கடையில் வாங்கக்கூடிய காரில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வண்டியில், டிஎஸ்ஜி என்ற பெயரில். நம் நாட்டில் பரவலாகப் பெயர் வாங்கித் தந்தது 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. அந்தச் சின்னக் கார் கியர் மாற்றும் வேகத்தைப் பார்த்து மயங்கியவர்கள் நம் ஊரிலும் உண்டு.

இதில் இரண்டு சாதி இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியபடி சுழல்வது ஒன்று, அதை வெட் கிளட்ச் என்கிறார்கள். மேனுவல் வண்டியில் இருப்பதுபோல் காற்றிலேயே சுழல்வது டிரை கிளட்ச். டிரை கிளட்ச் இலேசானது, மலிவானது, எண்ணெயைக் கிளறுவதில் சக்தி வீணாகாது, அதனால் மைலேஜும் நன்றாகத் தரும். சூட்டை வெளியேற்றுவதில்தான் அது தோற்றுப்போகிறது. வெட் கிளட்சில் எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். ஹூண்டாய், கியா கார்களில் பரவலாக இருக்கும் ஏழு கியர் டிசிடியும், விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் கார்களின் 1.5 எஞ்சினோடு வந்த ஏழு கியர் டிஎஸ்ஜியும் டிரை வகை. டாடா 2022-ல் ஆல்ட்ராஸில் டிசிஏ என்று கொண்டுவந்த ஆறு கியர் பெட்டி வெட் வகை.

இப்போது ஐடா ஸ்கடர் ரோட்டுக்கு வாருங்கள். சிஎம்சி வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, எதிரில் ஆம்புலன்ஸ் வருகிறது, நடுவில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் கடக்கிறது. வண்டி நகர்வது ஆள் நடக்கும் வேகத்தில். முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் எந்தக் காரும் ஐட்லிங்கிலேயே அதைவிட வேகமாகப் போகும். அதற்குக் கீழே ஊர வேண்டுமானால் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்க வேண்டும். மேனுவல் வண்டியில் நாம் 'ஹாஃப் கிளட்ச்' என்று திட்டு வாங்குவோமே, அதையேதான் டிசிடியில் கம்ப்யூட்டர் நமக்காக விடாமல் செய்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. கால் பிரேக்கில் இலேசாக இருக்கிறது, வண்டி தானாக ஊருகிறது, ஆகா என்ன சுகம் என்று நினைப்பார். உள்ளே தட்டு தேய்ந்துகொண்டிருக்கும். மேலே அக்னி நட்சத்திரம், நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயில், ரோட்டிலிருந்து எழும் அனல்.

ஹூண்டாய், கியா கார்களின் கையேட்டிலேயே இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. கிளட்ச் சூடேறினால் டிரான்ஸ்மிஷன் சூடு அதிகம், பத்திரமாக நிறுத்தவும் என்று மீட்டரில் எழுத்து வரும். நிறுத்தியபின் இத்தனை நிமிடம் நிற்கவும் என்று கணக்கும் காட்டும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் பின்னால் தனியார் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கும்போது இந்த நியாயம் யாருக்கும் எடுபடாது.

ஓட்டுகிறவர்கள் சொல்வது

காட்பாடியில் ஆக்டிங் டிரைவராக இருக்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். சிஎம்சிக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவார், ஊரில் வயதானவர்களின் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு பெங்களூரு போவார். இன்று ஒரு வண்டி, நாளை வேறு வண்டி. சொந்த வண்டிக்காரரின் பெருமை இவரிடம் இல்லை, அதனால் இவர் பேச்சை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

"டிசிடி இன்னாணா, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிட்டா ராஜா வண்டி தம்பி. லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சா, நெனச்சதுக்கு முன்னாடி கியரு எறங்கி இழுக்குது. ஆனா கிரீன் சர்க்கிள்ல மாட்டிக்கினா, புதுசா எல் போர்டு ஓட்டுறவன் மாதிரி உதறும். ஓனரு பின்னாடி உக்காந்துக்கினு, 'இன்னாப்பா, பாத்து ஓட்டு'ங்கறாரு. நான் இன்னா பண்றது?"

எல்லோர் அனுபவமும் கிட்டத்தட்ட இந்த இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. டிசிடியைக் கொண்டாடுகிறவர்களிடம் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாரக் கடைசியில் பெங்களூரு, மாதம் ஒரு முறை சென்னை என்பார்கள். திட்டுகிறவர்களிடம் கேளுங்கள். தோட்டப்பாளையம் கடை, காந்தி நகர் வீடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்பார்கள். பெட்டி ஒன்றுதான், ரோடுதான் வேறு.

இன்னொரு குறையும் உண்டு, அது மலை ஏறுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். (வளைவுக்கு வளைவு பலகையைப் படித்துக்கொண்டே போனால் வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கவனம் திரும்பும்.) வளைவுக்குள் நுழையும்போது வண்டி இரண்டாவது கியரில் இருக்கிறது, பெட்டி அடுத்து மூன்றாவது என்று ஊகித்து அதைப் போட்டு வைத்திருக்கிறது. எதிரே பஸ் இறங்கி வருகிறது, நீங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டீர்கள், இப்போது தேவை முதல் கியர். மூன்றும் ஒன்றும் ஒரே கிளட்சில் இருப்பவை. ஆகவே மூன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு, பிறகு கிளட்ச் பிடிக்க வேண்டும். ஒரு நொடி போல ஒன்றும் நடக்காது, அப்புறம் திடுக்கென்று பாயும். புதிதாக ஓட்டுகிறவர் அந்த ஒரு நொடியில் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்திவிடுவார். இதற்கு மருந்து எளிது: மலையில் மேனுவல் மோடுக்கு மாற்றி, வளைவுக்கு முன்னாலேயே கியரை நாமே இறக்கிவிட வேண்டும். இறங்கும்போது டிசிடிக்கு முழு மார்க் போடலாம். கிளட்ச் இறுகப் பிடித்திருப்பதால் எஞ்சின் பிரேக்கிங் மேனுவல் வண்டிபோலவே கிடைக்கும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும்போதும் இதே சௌகரியம்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது

டிசிடி என்றாலே பயப்படுகிறவர்களின் பயத்துக்கு வரலாறு உண்டு. இரண்டு கதைகளைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவை கிளைக்கதைகள்.

முதலாவது ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டிரை டிஎஸ்ஜி, டிக்யூ200 என்று குறியிடப்பட்டது. 2008 வாக்கில் வந்தது. சீனாவில் திடீரென இழுவை போவது, உதறுவது என்று புகார்கள் குவிந்தன. 2013 மார்ச்சில் நுகர்வோர் தினத்தன்று அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி இதைப் படம் பிடித்துக் காட்டியதும், கம்பெனி 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. சிந்தெடிக் எண்ணெயை வடித்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். காரணம் நமக்கு அக்கறையானது: வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த, நின்று நின்று ஓடும் நெரிசல் உள்ள ஊர்களில், அந்த எண்ணெயால் பெட்டியின் மின்சுற்றில் கோளாறு வரக்கூடும் என்பது. அதாவது, கியர் பல் உடைந்ததோ கிளட்ச் தேய்ந்ததோ அல்ல இந்தப் பிரச்சினை. பெட்டியை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என்ற, ஹைட்ராலிக்கும் மின்னணுவும் சேர்ந்த மூளைப் பகுதியில்தான் சனி. அது போனால் வண்டி எச்சரிக்கை கொடுத்துவிட்டு நட்ட நடு ரோட்டில் நின்றுவிடலாம். ரிப்பேர் லட்சக் கணக்கில் பேசப்படும்.

இரண்டாவது ஃபோர்டின் பவர்ஷிஃப்ட். இதுவும் டிரை வகை. அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்து வழக்குக்கு மேல் வழக்கு வாங்கியது. கியர்பாக்ஸ் தண்டின் சீலில் எண்ணெய் கசிந்து தட்டில் படிவது, கிளட்ச் உராய்வுப் பொருளே சரியில்லாமல் உதறுவது, கட்டுப்பாட்டு மாட்யூல் பழுதாவது என்று பல நோய். ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். உதறுகிறது என்று வந்த வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உதறல் வண்டியின் தரக் குறையின் அறிகுறி என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும். நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்" என்ற வசனம் நம் ஊர் சர்வீஸ் சென்டர்களிலும் சரளமாக வரும். என் சித்தப்பா மகனுக்கு அதுதான் நடந்தது. எந்த பிராண்ட் என்பது இங்கே வேண்டாம். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது ஓர் உதறல். மூன்று முறை கொண்டுபோய் விட்டான். மூன்று முறையும் 'சாஃப்ட்வேர் அப்டேட் செய்துவிட்டோம், ஓட்டிப் பழகினால் சரியாகிவிடும்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது சர்வீஸ் ஆளை ஏற்றிக்கொள்ளாமல், மத்தியானம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வண்டியை நன்றாகச் சூடேற்றிவிட்டு, அதன் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துக் காட்பாடி ரயில்வே பாலம் ஏற்றத்தில் நெரிசலுக்குள் கொண்டுபோனான். உதறல் அவர் முழங்காலிலேயே தெரிந்தது. ஜாப் கார்டில் (வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது எழுதும் தாள்) எழுத்தாகப் புகார் பதிவானது, வாரன்டியில் கிளட்ச் செட் மாறியது. சூடான வண்டியில்தான் டிரை டிசிடியின் உண்மைக் குணம் தெரியும். விலைக்கு வாங்கும்போதும் இதையே நினைவில் வையுங்கள்.

இந்த இரண்டு கதையும் பத்துப் பதினைந்து வருடப் பழசு, இப்போது வருகிறவை திருந்தியவை என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. எண்ணெய், உராய்வுப் பொருள், மென்பொருள் எல்லாம் மாறியிருக்கின்றன. பிரச்சினையே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கம்பெனிகள் செய்ததையும் பாருங்கள். மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013-ல் பவர்ஷிஃப்ட்டோடு வந்தது. 2017-ல் முகம் மாறி வந்தபோது ஆட்டோமேட்டிக் பெட்டி டார்க் கன்வர்ட்டராகிவிட்டது. எம்ஜி ஹெக்டர் பெட்ரோல் 2019-ல் டிசிடியோடு வந்தது, 2021-ல் சிவிடி சேர்ந்தது, பிறகு டிசிடி போயேவிட்டது. ஃபோக்ஸ்வாகனே விர்ட்டஸின் சின்ன 1.0 எஞ்சினுக்கு ஆறு கியர் டார்க் கன்வர்ட்டரைக் கொடுத்துவிட்டு, டிஎஸ்ஜியைப் பெரிய 1.5-க்கு ஒதுக்கியது. அந்த டிக்யூ200 பெட்டியின் தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), 1.5 எஞ்சின் தருவதும் சரியாக 250. வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த எஞ்சினின் மென்பொருளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, டார்க்கை ஏற்றலாம் என்று யாராவது பெங்களூருவில் கூப்பிட்டால் போகாதீர்கள்.

டார்க் கன்வர்ட்டர் என்ற கிழம்

கியர்பாக்ஸ் வேலை செய்யும் மெக்கானிக்குகளிடம் கேட்டால் முகம் மலர்வது இதற்குத்தான். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதில் எண்ணெய் நிரம்பிய ஒரு டப்பா. இந்தப் பக்கம் விசிறி சுழன்று எண்ணெயைத் தள்ளும், அந்தப் பக்கம் விசிறி சுழலும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட விட்டால் மற்றது தானாகச் சுழலுமே, அப்படி. நின்று நின்று ஊரும்போது அந்த வழுக்கலை எண்ணெயே வாங்கிக்கொள்ளும், தேய்வதற்குத் தட்டு இல்லை. சூடாகும் எண்ணெயை ஆற்றக் கூலர் இருக்கிறது. ஐடா ஸ்கடர் ரோட்டில் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் அதற்கு அலுக்காது.

இன்னோவா க்ரிஸ்டா டீசல் ஆட்டோமேட்டிக்குகள் டாக்சியிலும் குடும்பத்திலும் எவ்வளவு அடி தாங்குகின்றன என்று சொல்லவே வேண்டாம். மஹிந்திரா எக்ஸ்யூவி700, மாருதி பிரெஸ்ஸா, க்ரெட்டா டீசல் எல்லாம் இந்தக் கட்சி.

குறை இல்லையா? இருக்கிறது. கியர் மாறுவதில் டிசிடியின் சுறுசுறுப்பு கிடையாது. மிதித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இறங்கும். மைலேஜ் ஊருக்குள் கொஞ்சம் குறையும். வாலாஜாபேட்டை தாண்டி லாரிகளுக்கு நடுவே ஓவர்டேக் செய்து பழகியவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஆறுவழி வேலை வருடக் கணக்கில் இழுத்து, ஓரிடத்தில் சர்வீஸ் ரோடு, ஓரிடத்தில் மண் மேடு என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்தத் தூரத்தில் எது ஹைவே எது ஊர் என்றே சொல்ல முடியாது. டார்க் கன்வர்ட்டர் அந்தக் குழப்பத்துக்கு நன்றாக ஒத்துப்போகும். இன்னொன்று: 'வாழ்நாளுக்கும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாமல், கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கான அட்டவணையைப் பாருங்கள். வேலூர் வெயிலும் நெரிசலும் கடினப் பயன்பாடுதான்.

சிவிடி, ஏஎம்டி

சிவிடியில் கியரே இல்லை. இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ஸ்டீல் பெல்ட் அல்லது சங்கிலி. ஊருக்குள் இதைவிட வழவழப்பான பெட்டி கிடையாது. ஹோண்டா சிட்டி, அமேஸ் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் காந்தி நகரில் எத்தனையோ பேர், குறை சொல்லி நான் கேட்டதில்லை. வேகமாக மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி பிறகு மெதுவாக வந்து சேரும். அந்தச் சத்தம் பிடிக்காதவர்களுக்கு இது ஆகாது. ஆள் நிரம்பிய வண்டியோடு ஏலகிரி ஏறுவதாக இருந்தால் டெஸ்ட் டிரைவிலேயே நான்கு பேரை ஏற்றி ஒரு ஏற்றத்தில் பார்த்துவிடுங்கள். சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு, குறிப்பாக அறுபதைத் தாண்டியவருக்கு, டார்க் கன்வர்ட்டருக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான்.

ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டியில் கை வேலையை மோட்டார் செய்வது. 2014-ல் செலேரியோவில் மாருதி கொண்டுவந்து, விலை குறைந்த கார்களுக்கெல்லாம் அதுவே வழியானது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை முன்னும் பின்னும் ஆடும். ஒரே கிளட்ச் என்பதால் கிளட்ச் பிளேட் போனால் மாற்றும் செலவு மேனுவலைவிட ரொம்ப அதிகமில்லை, ஆரணி ரோட்டு மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஏற்றத்தில் பின்னால் உருளும் பயம் உள்ளவர்கள் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். பட்ஜெட் இதற்குத்தான் வரும் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு எது

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலை வேலை, வேலூரில் வீடு, தினமும் ஹைவேயில் போய்வருகிறவர்: டிசிடி இவருக்குப் பொருந்தும். வண்டி பெரும்பாலும் ஓட்டத்திலேயே இருக்கும், கிளட்ச் வழுக்கும் நேரம் குறைவு, மைலேஜும் கிடைக்கும். வாங்குவதானால், அதே விலைக்கட்டத்தில் வெட் கிளட்ச் கிடைக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது.

தோட்டப்பாளையத்தில் கடை, பாகாயத்தில் வீடு, வருடத்துக்கு ஒரு முறை திருப்பதி: டார்க் கன்வர்ட்டர் அல்லது சிவிடி. இவர் டர்போ டிசிடி எடுப்பது, ஷோரூமில் பத்து நிமிடம் பைபாஸில் ஓட்டிப் பார்த்த மயக்கத்தில்தான் நடக்கும்.

காட்பாடியில் கல்லூரி வேலை, மாதம் இரண்டு முறை பெங்களூரு, வீட்டில் மனைவியும் ஓட்டுவார்: இங்கேதான் நிஜமான குழப்பம். எனக்கு அந்தப் பணம் இருந்தால் டீசல் டார்க் கன்வர்ட்டர் எடுப்பேன். டீசல் வேண்டாம் என்றால், 1.0 டர்போவோடு டார்க் கன்வர்ட்டர் தரும் கார்களைப் பார்ப்பேன். ஓட்டும் சுகத்துக்காகவே கார் வாங்குகிறவர், வாரன்டி முடியும் முன் விற்றுவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் டிசிடி எடுத்து அனுபவிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

கையேட்டில் எழுதாத இன்னொரு விஷயம், சர்வீஸ். சாதாரண சர்வீஸுக்கு வேலூரில் எல்லா வசதியும் உண்டு. டிசிடி பெட்டியைப் பிரிக்கும் நிலை வந்தால், பிராண்டைப் பொறுத்து வண்டி சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போக நேரலாம், அல்லது பார்ட்ஸ் வரும் வரை ஷெட்டில் நிற்கலாம். வாங்கும் முன்பே வேலூர் சர்வீஸ் சென்டருக்குப் போய், கிளட்ச் செட் மாற்றும் கருவி இங்கேயே இருக்கிறதா, இங்கே எத்தனை வண்டிக்கு மாற்றியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சேல்ஸ் ஆளிடம் கேட்காதீர்கள், ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் அதுவே பதில்.

பழைய டிசிடி வாங்குவதானால்

செகண்ட் ஹேண்ட் சந்தையில் டிசிடி வண்டிகள் விலை கவர்ச்சியாக இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, ஆகவே பவர்ஷிஃப்ட் எக்கோஸ்போர்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடமாட்டேன். அதே எக்கோஸ்போர்ட்டில் 2017-க்குப் பிந்தைய டார்க் கன்வர்ட்டர் வேறு விஷயம்.

மற்றவற்றை வாங்குமுன் இப்படிப் பாருங்கள். ஏசியைப் போட்டு, வண்டியை அரை மணி நேரமாவது ஊருக்குள் ஓட்டிச் சூடேற்றுங்கள். ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொடுங்கள். கிளம்பும்போது ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் உதறல் தெரிகிறதா? ரிவர்ஸில் ஏற்றத்தில் எடுத்துப் பாருங்கள், அங்கேதான் பலவீனமான கிளட்ச் மாட்டிக்கொள்ளும். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது 'டக்' என்று இடி விழுகிறதா என்று கவனியுங்கள். பழைய டிஎஸ்ஜி என்றால் மெக்கட்ரானிக்ஸ் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் அது குறையல்ல, நிம்மதி. ஆறு கியர் வெட் டிஎஸ்ஜி என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றிய ரசீது வேண்டும். ஸ்கேனர் போட்டு அழித்த எரர் கோடுகள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா

சரி, வண்டி வாசலில் நிற்கிறது, என்ன செய்வது? ஊர்வதை நிறுத்துங்கள். நெரிசலில் முன் வண்டி இரண்டடி நகர்ந்ததும் நாமும் இரண்டடி நகர வேண்டியதில்லை. ஒரு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு பிரேக்கை முழுதாக விட்டு ஒரே மூச்சில் போய், முழுதாக நில்லுங்கள். ஆட்டோக்காரர் அந்த இடைவெளியில் நுழைவார், நுழையட்டும். பிரேக்கை முழுதாக மிதித்து நின்றால் கிளட்ச் திறந்துவிடும், அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நியூட்ரல் போட வேண்டியதில்லை. பாதி பிரேக்கில் ஊர்வதுதான் எமன். காட்பாடி பாலத்தில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்து வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைக்கும் பழக்கம் மேனுவலிலேயே கெட்டது. இதில் கிளட்சுக்குக் கொள்ளி. ஆட்டோ ஹோல்ட் பட்டன் (நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) இருந்தால் ஊருக்குள் எப்போதும் போட்டே வைத்திருங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுங்கள், ஆனால் பத்திரத்தைப் படித்த பிறகு. கிளட்ச் தட்டைப் பல கம்பெனிகள் தேய்மானப் பொருள் என்று விலக்கிவைக்கும், மெக்கட்ரானிக்ஸையும் மாட்யூலையும் சேர்க்கும். எது உள்ளே எது வெளியே என்று ஈமெயிலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உதறல் முதல் தடவை தெரிந்த அன்றே, கிலோமீட்டரோடு ஜாப் கார்டில் பதியச் சொல்லுங்கள். 'நார்மல் சார்' என்று சொன்னால் அந்த 'நார்மல்' என்பதையும் அதே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.